இடுப்பு வலியோடு ஓடலாமா? சிஃபான் ஹசனைச் சாட்சிக்கு அழைப்பவர்களுக்கு

"லண்டன்ல இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, அப்புறமும் ஜெயிச்சாங்களே மேடம்!" வலியோடு ஓடிவிட்டு என்னிடம் பிசியோதெரபிக்கு வருபவர்கள் சிலர், போனில் அந்த வீடியோவையும் போட்டுக் காட்டுவார்கள்.

2023 ஏப்ரலில் நடந்த அந்த ஓட்டம்தான் நெதர்லாந்து வீராங்கனை சிஃபான் ஹசனுக்கு முதல் மாரத்தான். பாதி தூரம்கூட வரவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. நின்று, காலை நீட்டி மடக்கி, மறுபடி ஓடினார். முன்னணிக் கூட்டம் வெகுதூரம் போய்விட்டது. துரத்திப் பிடித்து 2:18:33இல் ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் 4 நொடிதான் வித்தியாசம்.

வீடியோ என்னவோ உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய பல வருட உழைப்பு அதில் தெரியாது. எத்தியோப்பியாவிலிருந்து 15 வயதில் அகதியாக நெதர்லாந்து வந்தவர் ஹசன். நர்சிங் படித்துக்கொண்டே ஓடினார். 2019 தோஹா உலகப் போட்டியில் 1500, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 5000, 10,000 மீட்டரில் தங்கம், 1500இல் வெண்கலம். இத்தனைக்கும் பிறகுதான் மாரத்தானுக்கு வந்தார். 2024 பாரிஸில் தகுதிச் சுற்றையும் சேர்த்துப் பத்தே நாளில் 62 கிலோமீட்டர் போட்டி ஓட்டம் ஓடி, கடைசி நாள் மாரத்தானில் தங்கம் வாங்கியதும் அந்த அடித்தளத்தால்தான். போன தீபாவளிக்கு ஷூ வாங்கியவரின் எலும்புக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மூச்சும் தசையும் சில மாதங்களில் தேறிவிடும். எலும்பு அவ்வளவு சீக்கிரம் தேறாது.

எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒருவர் உள்ளங்கையால் தொடை முழுக்கத் தடவிக் காட்டுவார். இன்னொருவர் ஒற்றை விரலை ஒரே இடத்தில் வைப்பார். எனக்குப் பயம் இரண்டாமவரைப் பார்த்துத்தான். தசைப்பிடிப்பு பரவலாக வலிக்கும், நீட்டி விட்டால் பெரும்பாலும் தளரும். எலும்பில் நுண்விரிசல் விழுந்தால் ஓட ஓட வலி கூடும். முற்றினால் ராத்திரி படுத்தாலும் விடாது.

இதில் தொடை இடுக்கு வலி மட்டும் விதிவிலக்கு. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டிருந்தாலும் ஆழத்தில் மந்தமாகத்தான் வலிக்கும், விரல் வைத்துக் காட்டவே முடியாது. 'பிடிப்புதானே' என்று ஓடிக்கொண்டே இருந்தால் எலும்பு முழுதாக முறிந்து அறுவை சிகிச்சை வரை போய்விடும். யூடியூபைப் பார்த்து ஒற்றைக் காலில் குதித்துச் சோதிக்கும் வேலையும் வேண்டாம்.

பெண்களிடம் நான் கட்டாயம் கேட்கும் கேள்வி, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்பது. ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாமல் இருந்தால் முதலில் அது தள்ளிப்போகும், கூடவே எலும்பும் பலவீனமாகும். எடை குறைகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள்!

தொடை இடுக்கில் வலி, காலை ஊன்றினால் கூடுகிறது என்றால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். ஆரம்பகட்ட விரிசல் அதில் தெரியாமல் போவது சகஜம். எம்ஆர்ஐ தேவையா என்று அவரிடமே கேளுங்கள். ஷூவை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.