ஆடத் தெரிந்த மண் பிரமிடு

பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் மிராஃப்ளோரஸ் கொஞ்சம் வசதியானவர்களின் பேட்டை. அடுக்குமாடிக் குடியிருப்புகள், காபிக் கடைகள், வங்கிகள். அதற்கு நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு பிரமிடு, ஏழு மேடைகளாக 20 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. பெயர் உவாக்கா புக்யானா. கி.பி. 200க்கும் 700க்கும் இடையே, இன்கா பேரரசெல்லாம் தலையெடுப்பதற்கு வெகுகாலம் முன்பு, லிமா பண்பாட்டு மக்கள் கட்டியது. எகிப்தில் இருப்பதுபோல மன்னருக்கான கல்லறையாகக் கட்டப்பட்டதல்ல. சடங்கும் நிர்வாகமும் நடந்த இடம்.

இது சூளையில் வேகாத மண் செங்கல்லால், அதாவது பச்சைக்கல்லால் ஆனது. நிற்கும் ஊரோ, கடலடியில் உள்ள நாஸ்கா தட்டு (பூமியின் மேலோட்டுப் பாளங்களில் ஒன்று) ஆண்டுக்குச் சுமார் 6, 7 சென்டிமீட்டர் வேகத்தில் தென் அமெரிக்கத் தட்டுக்கு அடியில் நுழையும் கடற்கரை. 1746 அக்டோபர் 28 அன்று வந்த நிலநடுக்கத்தில் லிமாவின் சுமார் 3,000 வீடுகளில் 25 மட்டுமே நின்றன என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. பச்சைக்கல் பிரமிடு எப்படித் தாங்கியது?

சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நம் ஊரில் செங்கல்லைப் படுக்கவைத்துத்தான் கட்டுவோம். இங்கே ஒவ்வொரு கல்லும் அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல நெட்டுக்குத்தாக நிற்கிறது. எல்லாம் கையால் பிடித்த சின்னக் கற்கள். ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒரு வரிசைக்கும் மேல் வரிசைக்கும் நடுவே சேற்றுப் பூச்சு உண்டு. ஆனால் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் கற்களுக்கு இடையே பூச்சு கிடையாது, வெறும் இடைவெளிதான்.

சூட்சுமம் அந்த இடைவெளியில்தான். மண்கல்லை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் தரையைப் பக்கவாட்டில் உலுக்கும்போது, இறுகப் பூசிய சுவர் ஒரே பாளமாக வளையப் பார்க்கும்; ஓரிடத்தில் கீறல் விழுந்தால் அது அப்படியே ஓடி மொத்தச் சுவரையும் பிளக்கும். புக்யானாவிலோ ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகக் கொஞ்சம் நகரலாம், சாயலாம், பக்கத்துக் கல்லோடு உரசலாம். அந்த உரசலில் அதிர்வின் ஆற்றல் சிறுகச் சிறுக வெப்பமாகக் கரைகிறது. கீறலும் இடைவெளிக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிடும். போதாததற்கு அகன்ற அடி, மேலே போகப் போகக் குறுகும் உடல், தாழ்வான எடைமையம். கவிழ வாய்ப்பே குறைவு.

1746க்குப் பிறகு லிமாக்காரர்கள் மேல்மாடிகளை மூங்கில் போன்ற நாணலும் மண்ணும் கலந்த வளையும் சுவர்களால் கட்டத் தொடங்கினார்கள். விறைத்து நிற்பதைவிட ஆடிக்கொடுப்பது மேல் என்ற அதே பாடம், ஆயிரம் ஆண்டு தாமதமாக.

சரி, நிலநடுக்கம் ஒன்றும் செய்யவில்லை, மழை? பச்சைக்கல்லுக்கு உண்மையான எமன் தண்ணீர்தான். லிமா தப்பிப்பது குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தால். கடற்பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகக் கீழேயே கிடப்பதால் மழைமேகம் எழும்புவதில்லை, பனிமூட்டமும் தூறலும்தான். ஆண்டு மழை பெரும்பாலும் 2 சென்டிமீட்டரைத் தாண்டாது. எல் நினோ வந்து கடல் சூடேறினால் மட்டும் கணக்கு மாறும்.

என்னைக் கேட்டால் இரண்டையும்விட அதிகம் தின்றது நகரம்தான். 20ஆம் நூற்றாண்டில் தெருக்களும் வீடுகளும் வளாகத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. முறையான அகழாய்வு 1981இல்தான் தொடங்கியது. அதன் பிறகுதான், இந்த மேடையைப் பின்னாளில் இடுகாடாக்கிய வாரி மக்களின் கல்லறைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இன்று வழிகாட்டியோடு, போட்ட பாதையில்தான் நடக்க முடியும். தனியாக ஏறிப்பார்க்க விடமாட்டார்கள். செருப்புக்கால்கள் தேய்த்தாலும் பச்சைக்கல் பொடியாகும்.