எச்சில் பந்தின் சூட்சுமம்

1908 அக்டோபர் 2, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் ஒரு பேஸ்பால் ஆட்டம். சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்குப் பந்து எறிந்த எட் வால்ஷ் அன்று 15 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார், அதாவது 15 முறை மட்டையாளரைச் சரியாக அடிக்கவிடாமலே வெளியேற்றினார். கொடுத்தது நான்கே ஹிட் (அடித்தவர் பேஸுக்கு ஓடிச் சேர முடிந்த அடி). அப்படியும் தோற்றுப்போனார். காரணம், எதிரணிக்குப் பந்து எறிந்த ஆடி ஜாஸ். அடிக்க வந்த 27 பேரில் ஒருவரைக்கூட அவர், ரன்னுக்கு ஓடும் வழியில் முதலில் வரும் முதல் பேஸைத் தொட விடவில்லை. 'பெர்ஃபெக்ட் கேம்' என்பார்கள். அதற்கு அவர் எறிந்தது 74 பந்துகள்தான்.

அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் ஜாஸைத்தான் பேசுவார்கள். எனக்கு வால்ஷின் பந்து மேல்தான் கண். ஆட்டத்தின் ஒரே ரன் வந்த விதத்தைப் பாருங்கள். ரன்னுக்கு முந்தைய கடைசி நிறுத்தமான மூன்றாவது பேஸில் கிளீவ்லாந்தின் ஜோ பர்மிங்ஹாம் நிற்கிறார். வால்ஷ் எறிந்த பந்து, மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையில் நிற்காமல் ஓடிவிட்டது. பர்மிங்ஹாமும் ஓடிவந்துவிட்டார். அடிக்க முடியாத பந்து, சில சமயம் பிடிக்கவும் முடியாது!

வால்ஷின் ஆயுதம் 'ஸ்பிட்பால்', அதாவது எச்சில் பந்து. எச்சில் நன்றாக ஊறுவதற்காக எல்ம் மரப்பட்டையை மெல்லுவார்கள். அதன் சாறு கொழகொழவென்று இருக்கும். கிரிக்கெட்டிலும்தான் எச்சில் தடவினார்கள் என்று நினைக்கலாம். அங்கே அது பந்தின் ஒரு பக்கத்தைப் பளபளப்பாக்க. இங்கே வேலையே வேறு: விரலுக்கும் பந்துக்கும் நடுவே உராய்வைக் குறைப்பது.

சாதாரண வேகப்பந்தில், கையை விட்டுப் போகும் கடைசி நொடியில் விரல்கள் பந்தைப் பின்னோக்கி உருட்டிவிடுகின்றன. அப்படிச் சுழலும் பந்து தன்னைச் சுற்றிப் போகும் காற்றைக் கீழே திருப்பிவிடும்; பதிலுக்குக் காற்று பந்தை மேலே தள்ளும். இதுதான் மேக்னஸ் விளைவு. மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து மட்டையை அடைய அரை விநாடிகூட ஆகாது. அதற்குள் புவியீர்ப்பு அதைக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கீழே இழுக்கும். சுழற்சி அதில் ஓரடிக்கு மேல் மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. மட்டையாளரின் கண் பழகியிருப்பது இந்தக் கணக்குக்குத்தான்.

சரி, எச்சில் என்ன செய்கிறது? வாயில் ஊறிய புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். உருளாது, வழுக்கிக்கொண்டு பாயும். எச்சில் பந்தும் அப்படித்தான். கை வீசும் வேகத்தில் குறையே இல்லை, விரல் மட்டும் வழுக்கிவிடுகிறது. சுழற்சி குறைந்துபோவதால் காற்று தாங்கிப் பிடிப்பதும் குறைகிறது. பழக்கமான வேகத்தில் வந்த பந்து, பழக்கமான இடத்துக்குக் கீழே போய்விடும். மட்டை காற்றைத்தான் வெட்டும். மெதுவாகச் சுழலும் பந்தில் தையல் ஒரே பக்கத்தில் கொஞ்ச நேரம் தங்கினால் பக்கவாட்டிலும் நெளியும். கேட்சர் பாடு திண்டாட்டம்தான்.

இதில் ஒரு குறும்பும் உண்டு. எச்சில் பந்துக்காரர்கள் ஒவ்வொரு முறையும் கையுறைக்குப் பின்னால் வாயை மறைத்துக்கொள்வார்கள். தடவினாரா, சும்மா பாவனையா? மட்டையாளருக்குத் தெரியாது.

அந்த 1908 பருவத்தில் வால்ஷ் எறிந்தது 464 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் மூன்று பேரை வெளியேற்றினால் ஒரு இன்னிங்ஸ்). வென்றது 40 ஆட்டங்கள். இன்று ஒருவர் 200 இன்னிங்ஸைத் தொட்டாலே பெரிய விஷயம். எச்சில் புண்ணியத்தால் வெற்றி வந்தது, ஆனால் தோளுக்கு அது ஓய்வு தரவில்லை. 1913-லேயே கை ஓய்ந்துபோனது. 1917-க்குப் பிறகு பெரிய லீகுகளில் அவர் ஆடவில்லை.

1920-ல் எச்சில் பந்தைத் தடை செய்தார்கள். ஏற்கெனவே அதை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்த 17 பேருக்கு மட்டும், ஓய்வு பெறும்வரை எறிந்துகொள்ளலாம் என்று விலக்கு. அவர்களில் கடைசி ஆள் பர்லி கிரைம்ஸ், 1934 வரை ஊரறியப் பந்தை ஈரமாக்கிக்கொண்டிருந்தார்.