கொடிவழி வகைப்பாடு: ‘மரபுவழி’ என்னும் மயக்கம்

சேலத்துப் புத்தகக் கடைகளில் போட்டித் தேர்வுக்கென்று அடுக்கி வைத்திருக்கும் உயிரியல் வழிகாட்டிகளிலும், தாவரம் காட்டுவதற்காக மாணவர்களை ஏற்காட்டுக்கு அழைத்து வரும் ஆசிரியர்களின் பேச்சிலும் ‘மரபுவழி வகைப்பாடு’ என்னும் தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. மூதாதை உறவைக் கொண்டு உயிர்களைத் தொகுக்கும் பைலோஜெனடிக் வகைப்பாடு என்பதற்கு ஈடாக இதனைச் சொல்கிறார்கள். எளிதில் வாயில் வருகிறது, தமிழாகவும் இருக்கிறது என்பதைத் தவிர இத்தொடருக்கு வேறு தகுதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சொல்ல வந்த பொருளுக்கு நேர் எதிரான பொருளையே அது தருகிறது.

முதலில் மூலச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘பைலான்’ என்பது கிரேக்கத்தில் குலம், இனம்; அதனோடு தோற்றம், பிறப்பு என்னும் பொருளுடைய சொல்லைச் சேர்த்து ஜெர்மானிய உயிரியலார் எர்ன்ஸ்ட் ஹேக்கல் 1866இல் ‘பைலோஜெனி’ என்ற சொல்லை ஆக்கினார். ஓர் உயிரினக் கூட்டம் எந்த மூதாதையிலிருந்து, எந்தெந்தக் கிளையாகப் பிரிந்து வந்தது என்னும் வரலாறே பைலோஜெனி. அந்த வரலாற்றை மட்டும் அடிப்படையாகக் கொண்டு உயிர்களைத் தொகுக்க வேண்டும் என்று முறைப்படி வாதிட்டவர், ஈக்களையும் கொசுக்களையும் ஆராய்ந்த வில்லி ஹென்னிக்; அவருடைய ஜெர்மன் நூல் 1950இலும் ஆங்கில வடிவம் 1966இலும் வெளிவந்தன. ஒரு மூதாதையையும் அதன் வழிவந்தோர் அனைவரையும் கொண்ட கூட்டத்தைக் குறிக்கும் ‘கிளாடு’ என்பதும் கிரேக்கமே. ‘கிளாடோஸ்’ என்றால் மரக்கிளை. (இதைக் கேட்டவுடன் நம் ‘கிளை’யிலிருந்துதான் கிரேக்கச் சொல் பிறந்தது என்று கிளம்புவோர் உண்டு. அச்சொல்லை முறித்தலைக் குறிக்கும் கிரேக்க வினையோடு சொற்பிறப்பியலார் தொடர்புபடுத்துகின்றனர். ஒலி ஒத்திருப்பது தற்செயல். பொருளும் ஒலியும் ஒருங்கே பொருந்தி வந்தது நமக்கு வசதி, அவ்வளவுதான்.)

இனி ‘மரபுவழி’க்கு வருகிறேன். மரபுவழி மருத்துவம், மரபுவழி வேளாண்மை, மரபுவழி உணவு என்று நாள்தோறும் எழுதுகிறோம். அங்கெல்லாம் அச்சொல்லுக்குத் தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்பதே பொருள். அப்படியானால் மரபுவழி வகைப்பாடு என்பதைப் படிக்கும் தமிழர் எதை நினைப்பார்? ஸ்வீடன் இயற்கையியலார் லின்னேயஸ் 1735இல் தொடங்கி, மகரந்தத் தாள்களை எண்ணிச் செடிகளைப் பிரித்த அந்தப் பழைய முறையைத்தானே? அதனைக் கேள்விக்குள்ளாக்கி எழுந்த புதிய முறைக்குப் பழையதன் பெயரையே சூட்டியிருக்கிறோம். அதைவிட வேடிக்கை, தமிழ் படித்தவர்களுக்கு இத்தொடர் தொல்காப்பியத்தை நினைவூட்டும் என்பது. பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்பதே பெயர். அங்கே உயிர்கள் ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுக்கப்படுகின்றன. புறத்தே வைரம், அதாவது கெட்டியான பகுதி, உடையவை புல் என்றும் அகத்தே வைரம் உடையவை மரம் என்றும் பிரிக்கப்படுகின்றன. தென்னையும் பனையும் மூங்கிலும் அந்தப் பகுப்பில் புல்லாகின்றன. இவை மூன்றும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்பதால் இன்றைய தாவரவியலோடும் அது ஓரளவு ஒத்துப்போகிறது. ஆயினும் அங்கே பகுப்புக்கு அடிப்படையானது உருவமும் அறிவும். யார் யாருக்கு மூதாதை என்பது பேசப்படவே இல்லை. ‘மரபு வழிப்பட்ட சொல்லினான’ என்று அவ்வியலே சொல்லும்போது, மரபு என்பது சான்றோர் வழக்கைக் குறிக்கிறது. ஆக, ‘மரபுவழி வகைப்பாடு’ என்ற பெயர் யாருக்கேனும் பொருந்துமென்றால் தொல்காப்பியருக்குப் பொருந்தும், ஹென்னிக்குக்குப் பொருந்தாது.

இதற்கு ஒரு மறுமொழி சொல்வார்கள்: இன்று மரபு என்றால் மரபணு, மரபியல் என்பனவும் நினைவுக்கு வருமே, உறவை மரபணுவைக் கொண்டுதானே காண்கிறார்கள் என்று. இது குழப்பத்தை இரட்டிப்பாக்கும் மறுமொழி. ஹென்னிக் தம் முறையை வகுத்தபோது மரபணு வரிசையைப் படிக்கும் கருவி எதுவும் இல்லை. சிறகின் நரம்பும் காலின் மயிரும் போன்ற உறுப்புகளைக் கொண்டே உறவை நிறுவினார். தொலைமூதாதையரிடம் இல்லாது, ஒரு கூட்டத்தின் பொது மூதாதையிடம் புதிதாகத் தோன்றி, அதன் வழிவந்தோரிடம் மட்டும் காணப்படும் பண்பே உறவுக்குச் சான்று என்பது அவர் கொள்கை. மரபணு இன்று மிக வலிய சான்று, ஆனால் சான்றுதான். சான்றின் பெயரை முறைக்குச் சூட்டுவது சரியன்று.

‘பரிணாம வகைப்பாடு’ என்பாரும் உளர். கேட்கப் பிழையில்லை போலத் தோன்றும். ஆனால் அது வேறொரு பள்ளியின் பெயர். உயிரியலார் எர்ன்ஸ்ட் மயர் முதலானோர், பரிணாமத்தை ஏற்றுக்கொண்டே, உறவோடு உருவ வேறுபாட்டின் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றனர். பறவைகள் வெகுவாக மாறிவிட்டதால் அவற்றை ஊர்வனவற்றிலிருந்து பிரித்துத் தனி வகுப்பாக வைப்பதே முறை என்றனர். ஹென்னிக்கின் வழிவந்தோர் அதை மறுத்தனர்: முதலைக்குப் பல்லியைவிடப் பறவையே நெருங்கிய உறவு, ஆகவே பறவையை விலக்கிய ஊர்வன என்பது குறைபட்ட கூட்டம் என்றனர். இரு தரப்பும் கடுமையாகச் சண்டையிட்ட செய்தி இது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டால், அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று தமிழில் ஒரு வாக்கியம்கூட எழுத முடியாது.

‘இனவரலாறு’ என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் பாடநூல்களில் சிற்றினம் (ஸ்பீசிஸ்), பேரினம் (ஜீனஸ்) என இரண்டு இனங்கள் இருக்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் இனம் என்றாலே நமது சிற்றினம்தான், நமது பேரினம் அங்கே சாதி. இவற்றுக்கு மேலாக மனித இனம், இனப் பிரச்சினை என்று அச்சொல் சுமக்கும் சுமை வேறு.

எனவே ‘கொடிவழி’ என்பதை முன்வைக்கிறேன். இது நான் ஆக்கியதன்று. வமிசம், தலைமுறைத் தொடர் என்னும் பொருளில் தமிழில் உள்ள சொல்லே. கொடிவழிப் பட்டியல் என்று குடும்ப வரலாறு எழுதுவோர் இன்றும் ஆள்கின்றனர். பிறப்பும் கிளைத்தலும் அதில் ஒருங்கே அடங்கியிருக்கின்றன. வழக்கம், பழமை என்ற நிழல் அதன்மேல் விழவில்லை. ‘கால்வழி’யும் இதே பொருளது, ஆனால் பேச்சில் அருகிவிட்டது. ‘குலமுறை’ என்றால் நம் ஊர்ப் பக்கம் பேச்சு உடனே வேறெங்கோ போய்விடும். ஆகவே பைலோஜெனி கொடிவழி. அதனை ஒட்டிய வகைப்பாடு கொடிவழி வகைப்பாடு.

கிளாடு என்பதற்குக் ‘கிளை’ போதும்; பொதுச்சொல்லோடு மயங்கும் இடங்களில் ‘உயிர்க்கிளை’ எனலாம். பழந்தமிழில் கிளை என்றால் சுற்றமும்தான். கிளைஞர் என்ற சொல்லில் அப்பொருள் இருக்கிறது. ‘குழு’, ‘பிரிவு’ என்று மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: குழுவை யாரும் எப்படியும் சேர்க்கலாம், கிளையை அப்படிச் சேர்க்க முடியாது. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களைக் கவாத்து செய்பவர் ஓரிடத்தில் ஒரு வெட்டு வெட்டினால், அதற்கு மேலுள்ள சிறு கொம்புகள் அத்தனையும் சேர்ந்து விழும்; ஒன்றுகூட மரத்தில் தங்காது. அப்படி ஒரே வெட்டில் விழுவது முழுக்கிளை. அதிலிருந்து சில கொம்புகளை ஒடித்து அப்புறப்படுத்தினால் எஞ்சுவது குறைக்கிளை. பறவை நீங்கிய ஊர்வன அத்தகையது. வெவ்வேறு இடத்துக் கொம்புகளை ஒன்றாகக் கட்டியது கலவைக் கட்டு. மோனோபைலி, பாராபைலி, பாலிபைலி என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்யப்படும் மூன்றும் இவைதாம்.

அந்த நிழல் மரமே நல்ல எடுத்துக்காட்டு. ஏற்காட்டில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பெயரில் ஓக் இருந்தும் ஓக் மரத்தின் குடும்பமன்று. தாமரையை முன்பு அல்லியோடு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தனர். இரண்டும் குளத்தில் வட்ட இலை விரிப்பவை. பூக்கும் தாவரங்களின் கொடிவழியை ஆராயும் கூட்டமைப்பு 1998இல் முதன்முதலில் வெளியிட்டு 2016இல் மூன்றாம் முறையாகத் திருத்திய வகைப்பாட்டில் தாமரை இருப்பது சில்வர் ஓக்கின் வரிசையில் (வரிசை என்பது குடும்பத்துக்கு மேற்பட்ட தொகுதி). அல்லி எங்கோ அடியிலேயே பிரிந்துபோன வேறு கிளை. அதே வகைப்பாட்டில் எருக்கு அரளியின் குடும்பத்துக்குள் சேர்ந்துவிட்டது. உன்னிச்செடியின் குடும்பத்தில் இருந்த தேக்கும் நொச்சியும் துளசியின் குடும்பத்தில் இருக்கின்றன. இவற்றை ‘மரபுவழி’ என்ற தலைப்பின் கீழ் அச்சிட்டால், அல்லியும் தாமரையும் உறவு என்பதுதானே நம் மரபு என்று மாணவர் கேட்பார். கேட்பதில் தவறும் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் பழைய கலைச்சொல் பட்டியலில் கிடைத்த முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் என்பதே என் குறை. அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ‘பைலோஜெனி’ என்று தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுவோர்மீது எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை. புரியாத சொல்லைப் படிப்பவர் பொருள் கேட்டறிவார், தவறாகப் புரிந்த சொல்லுக்குப் பொருள் கேட்கமாட்டார்.

கொடிவழியை ஆளும்போது ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. பைலோஜெனடிக் ட்ரீ என்பதைக் கொடிவழி மரம் என்று எழுதத் தொடங்கினால், சுருக்கும் ஆர்வத்தில் யாராவது அதைக் கொடிமரம் ஆக்கிக் கோயிலில் கொண்டுபோய் நட்டுவிடுவார்கள். கிளைவரைபடம் என்றே இருக்கட்டும்.