சேரும் முன் ஒப்பந்தத்தைக் கேளுங்கள்

ஐடிஐயில் டர்னர் (லேத்தில் உலோகம் கடையும் தொழில்) பிரிவில் பாடம் எடுக்கிறேன். எங்கள் பையன்கள் முடித்ததும் கோவையைச் சுற்றியுள்ள லேத் பட்டறைகளுக்கும் பம்ப் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவுங்க தருவாங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது: பையனைச் சட்டப்படி பதிவு செய்த அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) எடுக்கிறார்களா, இல்லை வெறும் வாய்ப்பேச்சில் 'ட்ரெய்னி' என்று வைத்துக்கொள்கிறார்களா?

கோவையில் கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் பக்கம் முன்பு தொழில் பழகிய விதமே வேறு. மாமனோ சித்தப்பனோ பையனைக் கூட்டிவந்து மேஸ்திரியிடம் விட்டுப் போவார். முதலில் பட்டறையைக் கூட்டுவான், டீ வாங்கி வருவான், இரும்புச் சுருளை அள்ளுவான். அப்புறம் கிரைண்டிங் கல்லடியில் நிற்பான். இரும்பை வெட்டும் ஹெச்எஸ்எஸ் எஃகு டூலைக் கோணம் பார்த்துத் தீட்டத் தெரியாதவனை மேஸ்திரி லேத்தில் கைவைக்க விடமாட்டார். திரெட் (மரை) வெட்ட எந்த கியரை மாற்றுவது என்பதை மனக்கணக்காகவே போடப் பழகிக்கொள்வான். கூலி பேருக்குத்தான், அடியும் உண்டு. விரல் போனால் கேட்க நாதியில்லை. சொந்தபந்தம் இல்லாதவனுக்கு உள்ளே நுழையவே வழியில்லை. அந்தக் காலத்தைப் புகழ எனக்கு மனம் வராது. ஆனாலும் சில வருடத்தில் பையன் முழு டர்னராக வெளியே வந்தான். தனியாக ஒரு லேத் போட்டு முதலாளி ஆனவர்களும் உண்டு.

இப்போது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சிஎன்சி மெஷின் வந்துவிட்டது. டூலின் வெட்டுமுனையான கார்பைடு இன்சர்ட் தேய்ந்தால் திருப்பி மாட்டினால் போதும். புரோகிராமை ஒருவர் எழுதுகிறார், மெஷினைத் தயார் செய்யும் செட்டர் ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) கொடுக்கிறார், நம் பையன் கடைய வேண்டிய ஜாப்பை மாட்டி, கதவை மூடி, பட்டனை அழுத்துகிறான். சில வாரத்தில் பழகிவிடும் வேலை அது. அதையே இரண்டு வருடம் செய்தவனுக்கு அடுத்த கம்பெனியிலும் அதே பட்டன்தான் காத்திருக்கிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. செட்டிங், அளவெடுப்பு, புரோகிராம் மூன்றிலும் பையனை மாற்றி மாற்றி நிறுத்துவீர்களா என்று சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, சட்டம் என்ன தருகிறது? 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு அதைப் பதிவு செய்ய வேண்டும். 2019-ல் விதிகளைத் திருத்தியபோது ஐடிஐ முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 4 பேர் இருக்கும் சின்னப் பட்டறைகூட விரும்பினால் எடுக்கலாம். அரசின் அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது. பயிற்சியின்போது அடிபட்டால் இழப்பீடு கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. முடிவில் தேர்வெழுதித் தேறினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் அதே கம்பெனியில் வேலை நிச்சயம் என்று சட்டம் சொல்லவில்லை. அப்படி யாராவது வாக்குக் கொடுத்தால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வாய்ப்பேச்சு ட்ரெய்னிக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. அடிபட்டாலோ, நான் இங்கேதான் வேலை பார்த்தேன் என்று நிரூபிப்பதே பெரும்பாடு.

பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். நம் பகுதிப் பஞ்சாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்று வருடம் அப்ரண்டிஸ் என்று சேர்த்து, கல்யாணச் செலவுக்குக் கடைசியில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்னதும், இடையில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பிய பிள்ளைகள் அந்தப் பணத்தை இழந்ததும் ஊரறிந்த கதை. மாதாமாதம் பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் பணம் ஏறாத எந்தப் பயிற்சியிலும் சேர்க்காதீர்கள்.

ஒப்பந்தம் கேட்டதும் "அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி" என்று கம்பெனியில் இழுத்தால், மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பையனின் ஐடிஐ சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். முறையாகப் பதிவு செய்து அப்ரண்டிஸ் எடுக்கும் கம்பெனிகள் எவை என்று அங்கேயே கேட்டு விண்ணப்பித்துவிட்டு வரலாம்.