நாலு மணிக்கு எழும்பினால் போதுமா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எங்கு போனாலும் ஒரே கேள்விதான்: "எப்படிப் படித்தீர்கள்?" மாவட்டத்தில் முதலிடம் வந்த பிள்ளையின் பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதிகாலை நாலு மணிக்கு எழும்பினேன், போனைத் தொடவில்லை, என்னால் முடியும் என்று நம்பினேன். சில நாட்களுக்குள் கல்முனையிலும் களுவாஞ்சிகுடியிலும் பல வீட்டுச் சுவர்களில் அந்த மூன்று வரிகளும் ஏறிவிடும்.

இப்படியான வாழ்க்கை விதிகளைப் பற்றி நம்மிடம் இரண்டு கட்சி உண்டு. விதி வைத்து வாழ்கிறவன்தான் முன்னேறுவான் என்பது ஒன்று. இதெல்லாம் வெறும் கதை, வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எப்படியும் முன்னுக்கு வரும் என்பது மற்றது. உளவியல் ஆய்வாளர்கள் இந்த விதிகளில் பலவற்றை எடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவுகளைப் படித்த பிறகு என் கருத்து இதுதான்: சில விதிகள் உண்மையாகவே வேலை செய்கின்றன. ஆனால் அவை வேலை செய்யும் காரணம், மேடையில் சொல்லப்படும் காரணம் இல்லை.

முதலில் அந்த நாலு மணி. அதே நேரத்துக்கு எழும்பி, அதே நம்பிக்கையோடு படித்தும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. வென்றவர்களை மட்டும் கேட்டால் எந்தப் பழக்கமும் வெற்றியின் காரணம் போலவே தெரியும். அதோடு, எப்போது தூக்கம் வரும், எப்போது கலையும் என்பதில் பிறப்புக்கும் பங்கு உண்டு. உடலுக்குள் ஓடும் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 2019இல் கிட்டத்தட்ட 7 இலட்சம் பேரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று, ஒருவர் காலை ஆளா இரவு ஆளா என்பதோடு தொடர்புள்ள 351 இடங்களை மரபணுத் தொகுதியில் அடையாளம் கண்டது. பதின்ம வயதில் அந்தக் கடிகாரம் இயல்பாகவே பின்தள்ளிப் போகிறது. வாழைச்சேனைக் கடற்தொழிலாளி விடியுமுன் எழும்புகிறார் என்றால், அவர் வீடு முன்னிரவிலேயே அடங்கிவிடுகிறது. பதினொன்றரை வரை ரியூசன் பாடங்களைச் செய்துவிட்டு நாலு மணிக்கு அலாரம் வைக்கும் பிள்ளைக்கு மிஞ்சுவது நாலரை மணி நேரத் தூக்கம். பகலில் படித்தது நினைவில் உறைவதே தூக்கத்தில்தான். அந்த விதி அப்பிள்ளைக்குக் கெடுதல் செய்கிறது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

சரி, அப்படியானால் எந்த விதி ஒட்டும்? அதற்குப் பழக்கம் என்பது மூளையில் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

"21 நாள் விடாமல் செய், பழக்கமாகிவிடும்" என்று அடிக்கடி கேட்கிறோம். இந்த எண்ணின் வேர் அமெரிக்க ஒட்டறுவைச் சத்திரசிகிச்சை நிபுணர் மக்ஸ்வெல் மோல்ட்ஸ் 1960இல் எழுதிய ஒரு குறிப்பில் இருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு மாறிய தன் முகத்துக்கு ஒருவர் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் எடுக்கிறது என்று அவர் கவனித்திருந்தார். "குறைந்தது", "சுமார்" என்ற இரண்டும் வாய்க்கு வாய் மாறும்போது உதிர்ந்துபோய், வெறும் 21 மட்டும் தங்கிவிட்டது. உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் குழுவினரும். 96 பேர் ஆளுக்கொரு புதுச் செயலைத் தெரிந்து, 12 வாரம் நாள்தோறும் செய்து, அது எவ்வளவு தூரம் யோசிக்காமலே நடக்கிறது என்று பதிந்தார்கள். அந்தப் பதிவுகளின் போக்கை வைத்து, பழக்கம் முழுதாக ஒட்ட எத்தனை நாள் எடுக்கும் என்று 12 வாரத்துக்கு அப்பாலும் நீட்டிக் கணித்தபோது நடு மதிப்பு 66 நாளாக வந்தது. ஆளுக்கு ஆள் வித்தியாசமோ மிகப் பெரிது: 18 நாளில் இருந்து 254 நாள் வரை. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டியது, உடற்பயிற்சி இழுத்தடித்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. 22ஆம் நாள் "எனக்கு மனவுறுதி இல்லை" என்று கைவிட்ட எத்தனையோ பேருக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

அந்த நாட்களில் மூளைக்குள் நடப்பதை எலிகளில் பார்த்தவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஆன் கிரேபியல். சத்தம் கேட்டதும் ஓடி, ஒரு பக்கம் திரும்பினால் உணவு கிடைக்கும் வழியில் எலிகளைப் பழக்கினார்கள். தொடக்கத்தில் மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேற்றம் என்ற பகுதியின் நரம்பணுக்கள் ஓட்டம் முழுக்க இயங்கிக்கொண்டிருந்தன. பழகிய பிறகு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பலமாக இயங்கி, நடுவில் அடங்கிவிட்டன. மூளை முழுச் செயலையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டது. அதன் பிறகு தொடக்கச் சைகை கிடைத்தால் போதும், மற்றது தானாக நடக்கும்.

இந்தச் சைகையின் பலத்தை மனிதர்களில் காட்டிய ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 2011இல் வெண்டி வுட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் திரையரங்குக்கு வந்தவர்களில் சிலருக்குப் புதிய சோளப்பொரியும் சிலருக்கு ஏழு நாள் பழையதும் கொடுத்தார்கள். திரையரங்கில் சோளப்பொரி தின்று பழகியவர்கள், நன்றாக இல்லை என்று தாங்களே சொன்ன பழையதையும் புதியதற்குச் சமமாகத் தின்றார்கள். அதே பொரியைக் கூட்ட அறையில் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை. திரையரங்கிலேயே, பழகாத கையால் எடுத்துத் தின்னச் சொன்னபோதும் நடக்கவில்லை. அதாவது தின்ன வைத்தது ருசியோ பசியோ இல்லை, இருட்டும் இருக்கையும் பழகிய கையும்.

இதை வைத்துப் பார்த்தால் "ஒழுக்கமாக இரு", "நேரத்தை வீணாக்காதே" போன்ற விதிகள் ஏன் காற்றோடு போகின்றன என்பது விளங்கும். அவற்றில் சைகையே கிடையாது. எப்போது, எங்கே, எதற்கு அடுத்து என்று அவை சொல்வதில்லை. 2002இல் பிரிட்டனில் சேரா மில்னும் சக ஆய்வாளர்களும் 248 மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு உடற்பயிற்சி பற்றி எதுவும் விசேடமாகச் சொல்லவில்லை. இரண்டாம் பகுதிக்கு இதய நோயைப் பற்றியும் உடற்பயிற்சியின் நன்மை பற்றியும் ஊக்கமூட்டும் விளக்கம் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதிக்கு அதே விளக்கம், அதோடு "இந்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன்" என்று எழுதவும் சொன்னார்கள். அடுத்த வாரம் உடற்பயிற்சி செய்தவர்கள் முறையே 38, 35, 91 வீதம். ஊக்கப் பேச்சு மட்டும் கேட்டவர்களுக்கும் ஒன்றும் கேட்காதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை! எழுதிய ஒரு வரிதான் எல்லாவற்றையும் மாற்றியது. எல்லா ஆய்விலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவதில்லை. ஆனாலும் 2006இல் பீற்றர் கொல்விற்சரும் பாஸ்கல் ஷீரனும் இப்படியான 94 சோதனைகளைத் தொகுத்தபோது, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவம் நல்ல பலன் தருவது உறுதியானது.

நம் பக்கத்தில் கடுமையான விதிகளை ஊர் முழுக்கக் கடைப்பிடிப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் சடங்கு முடியும்வரை மீன், இறைச்சி வீட்டுக்குள் வராது. மற்ற நாளில் மீனில்லாமல் சோறு இறங்காதவரும் அப்போது இருந்துவிடுகிறார். காத்தான்குடியில் நோன்பு மாதம் வந்தால் ஸஹர் நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் பள்ளிவாசலில் இருந்து கேட்கும், அன்றாடமே அதற்கேற்ப மாறிவிடும். பக்தியும் ஈமானும்தான் இவற்றின் உயிர். அவற்றோடு, எப்போது தொடங்கும் எப்போது முடியும் என்ற தெளிவும், சுற்றியிருக்கும் எல்லோரும் சேர்ந்து செய்வதும் இருக்கின்றன. ஊரே தாங்கும் விதியைத் தனி ஆள் தன் மனவுறுதியால் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

மனவுறுதி பற்றிய பழைய கோட்பாடும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. அது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்று 1998இல் வந்த ஆய்வு பெரும் புகழ் பெற்றது. 2016இல் 23 ஆய்வுகூடங்கள் சேர்ந்து சோதித்தபோது அந்த விளைவு கிட்டத்தட்டத் தென்படவே இல்லை.

"என்னால் முடியும்" என்று கண்ணாடி முன் சொல்வதோ சிலருக்கு ஆபத்து. கனடாவில் ஜோன் வுட்டின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்ற வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களை விட மோசமான மனநிலைக்குப் போனார்கள். ஏற்கெனவே நல்ல தன்மதிப்பு உள்ளவர்களுக்குத்தான் சற்று உதவியது. ஆகவே சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு இந்த மருந்தைக் கொடுக்காதீர்கள். அதனோடு உட்கார்ந்து கதையுங்கள்.

பலனில்லாத விதியும் பலன் தந்ததாகத் தோன்றுவதற்கு வேறொரு வழியும் உண்டு. நாம் விதியைத் தேடிப் போவது மிக மோசமான நாட்களில்தான். வழக்கமாக 60 எடுக்கும் பிள்ளை ஒரு தவணையில் 38 எடுத்தால் வீட்டில் புது விதிகள் பிறக்கும். அடுத்த தவணையில் விதி இல்லாவிட்டாலும் புள்ளி 60ஐ நோக்கித் திரும்பவே வாய்ப்பு அதிகம். பேர் விதிக்குப் போகும். இந்தச் சராசரிக்குத் திரும்பும் போக்கை பிரான்சிஸ் கால்ட்டன் 1886இலேயே உயர அளவுகளை வைத்து விளக்கினார்.

இனி, என்னை அதிகம் யோசிக்க வைத்த விடயத்துக்கு வருகிறேன். "இன்றைய ஆசையை அடக்கினால் நாளை பெரிதாகக் கிடைக்கும்" என்பது முன்னேற்ற விதிகளுக்கெல்லாம் தாய். அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது வோல்ற்றர் மிஷலின் இனிப்புச் சோதனை. ஒரு மார்ஷ்மெலோ இனிப்பைத் தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்றபோது பொறுத்த சிறுவர்கள் பின்னாளில் சிறந்து விளங்கினார்கள் என்று சொல்லப்பட்டது. 2018இல் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவை ஆராய்ந்தபோது அந்தத் தொடர்பு முன்பு சொன்னதில் பாதியளவே இருந்தது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும் பெரும்பகுதி கரைந்துபோனது.

செலஸ்ற் கிட் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. 28 சிறுவர்களுக்கு, படம் வரைய நல்ல வர்ணப் பொருட்கள் கொண்டுவந்து தருவதாக முதலில் ஒருவர் வாக்குக் கொடுத்தார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மறுபாதிக்கு "மன்னிக்கவும், இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார். அதன் பிறகுதான் இனிப்புச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். சோதனையின் 15 நிமிடமும் முழுதாகக் காத்திருந்தவர்கள் முதல் குழுவின் 14 பேரில் 9 பேர், இரண்டாம் குழுவின் 14 பேரில் ஒருவர். சிறிய ஆய்வுதான். ஆனால் பிள்ளையின் பொறுமை என்று நாம் அளப்பதில் பெரியவரின் நம்பகமும் கலந்திருக்கிறது என்பதை அது காட்டியது.

இந்தக் கரையில் இருந்து அந்த முடிவைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. 1978 நவம்பர் 23இல் சூறாவளி. 2009 வரை யுத்தம். 2004 டிசம்பர் 26இல் கடல். 2022இல் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது வங்கியில் பத்திரமாக வைத்த காசும் கரைந்தது. கையில் வந்ததை உடனே நகையாக்கும், வீட்டுக்குக் கல்லாக்கும் ஒரு குடும்பத்தைப் பார்த்து "சேமிக்கத் தெரியாத சனம்" என்று சொல்வது அநியாயம். அவர்கள் கண்ட உலகத்துக்கு அது சரியான கணக்கு.

அதே சனம்தான் சீட்டுப் போட்டுச் சேமிக்கிறது. ஒழுங்கையில் பத்துப் பதினைந்து பெண்கள், மாதம் தவறாமல். நாள் குறித்திருக்கிறது, தொகை குறித்திருக்கிறது, பிடிக்கும் அக்கா பக்கத்து வீட்டில் இருக்கிறார், கட்டாவிட்டால் முகம் பார்க்க முடியாது. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, குறித்த நாளோ தொகையோ வரும்வரை எடுக்க முடியாத கணக்கொன்றை மேலதிக வட்டியே இல்லாமல் கொடுத்துப் பார்த்தது. வாய்ப்புக் கிடைத்தவர்களில் 28 வீதத்தினர் விரும்பிச் சேர்ந்தார்கள். ஓர் ஆண்டில் வாய்ப்புக் கொடுக்கப்பட்ட குழுவின் சேமிப்பு, கொடுக்கப்படாத குழுவினுடையதை விட 81 வீதப் புள்ளி கூடுதலாக வளர்ந்திருந்தது. நம் பெண்கள் இந்தக் கட்டுப்பாட்டை வங்கி இல்லாமலே அமைத்துக்கொண்டவர்கள்.

ஆகவே பரீட்சை வருடத்தில் ஊக்கப் பேச்சாளருக்குக் காசு திரட்டும் பழைய மாணவர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் காசில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் ஒரு வகுப்பறையை மாலை ஆறில் இருந்து எட்டு வரை திறந்து, மின்விளக்குப் போட்டு, ஒரு ஆசிரியரை இருத்துங்கள். தினமும் அதே அறை, அதே நேரம், ஒரு நாளும் பூட்டிக் கிடக்கக் கூடாது. இரண்டு தவணை விடாமல் நடத்துங்கள், பிறகு எத்தனை பிள்ளைகள் யாரும் கூப்பிடாமலே வந்து உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.