ஜீன்ஸை வெட்டும் முன் எடை போட்டுப் பாருங்கள்

பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் நான் தையல் கடை வைத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களுக்கு முன் ஒரு இளம்பெண் பெரிய பை நிறையப் பழைய ஜீன்ஸ் கொண்டு வந்தார். எல்லாம் மறைந்துபோன அப்பாவுடையவை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்த மனிதர். முழங்கால் பக்கம் எல்லாவற்றிலும் வெளுத்திருந்தது. பாதியை அந்தப் பெண்ணே பத்து சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, தன்னுடைய ஜீன்ஸ் துண்டுகளையும் கலந்து, போர்வையாகக் கொஞ்சம் தைத்திருந்தார். தைத்த பகுதி அலை அலையாகச் சுருங்கிக் கிடந்தது. மூன்று ஊசிகள் உடைந்தனவாம். "பாப்பாவுக்கு மூன்று மாதம் அக்கா. தாத்தாவே போர்த்திவிட்டது போல இருக்க வேண்டும்" என்றார்.

அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நம் பாட்டிமார் பழைய சேலைகளை அடுக்கித் தைத்துத்தானே நம்மைத் தூங்க வைத்தார்கள்? மலாய்க்காரர்களிடமும் 'தம்பல் செரிபு' என்று ஆயிரம் ஒட்டுகளின் பெயரால் வழங்கும் ஒட்டுவேலை உண்டு. ஆனால் சேலை வேறு, ஜீன்ஸ் வேறு. இந்த வித்தியாசத்தை மறந்து வெட்டப்பட்ட துணிகள் அடிக்கடி என் மேசைக்கு வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எடை. என் வெட்டு மேசையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் ஒரு சமையலறைத் தராசு இருக்கும். ஜீன்ஸ் துணியின் கனத்தை ஒரு சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று கணக்கிடுவார்கள். 12 அவுன்ஸ் துணி என்றால் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 400 கிராம். 150க்கு 200 சென்டிமீட்டர் போர்வை மூன்று சதுர மீட்டர். மேல்துணி மட்டும் 1.2 கிலோ. பலர் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். தையலுக்கு விடும் துணியை யாரும் சேர்ப்பதில்லை. சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டால், பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்குப் பதின்மூன்று சென்டிமீட்டர் வெட்ட வேண்டும். அதாவது 69 விழுக்காடு கூடுதல் துணி போர்வையின் வயிற்றுக்குள் போகிறது; 1.2 கிலோ இரண்டு கிலோவாகிவிடும். அதையே 15க்கு 45 என்ற நீளத் துண்டுகளாக வெட்டினால் கூடுதல் 28 விழுக்காடுதான். அரைக் கிலோ மிச்சம். நான்கு துண்டுகள் கூடும் மூலைகளும் குறையும். ஊசிகள் பெரும்பாலும் அந்த மூலைகளில்தான் உடைகின்றன.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த ஆடைகளை அகலமான பட்டைகளாக வைத்துப் போர்வை தைத்தார்கள். 2002இல் அவை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தப் போர்வைகளின் படங்களைப் பார்த்த பிறகு, ஜீன்ஸைச் சின்னச் சதுரங்களாகத் துண்டாடுவதை நான் விட்டுவிட்டேன். வெளுத்த முழங்காலும், பை இருந்த இடத்தின் கரு நீலமும் பெரிய துண்டில்தான் முழுதாகத் தெரியும்.

பினாங்கு வெயிலுக்கு, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் இடையில் பஞ்சு விரிப்பு தேவையே இல்லை. அடியில் மெல்லிய பருத்தித் துணி போதும்.

அடுத்தது, துணி சுருங்கிய காரணம். அப்பாவின் ஜீன்ஸ் முழுப் பருத்தி. மகளுடையதில் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்திருந்தது. நீட்சித் துணி பெரும்பாலும் காலின் குறுக்கே இழுபடும். இழுபடாத துணியோடு சேர்த்துத் தைக்கும்போது நீண்டு, ஊசியை விட்டு வெளியே வந்ததும் சுருங்கிக்கொள்ளும். லேபிள் அழிந்திருந்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள், கையே சொல்லிவிடும். இரண்டையும் தனித்தனிக் குவியலாக வையுங்கள்; நீட்சித் துணியில் பை தைத்துக்கொள்ளலாம். பழைய ஜீன்ஸில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்திருப்பதையும் கவனித்திருப்பீர்கள். அந்தத் தையலை நம்பி அளவு வைக்காதீர்கள். பாவு நூல், அதாவது துணியின் நீளவாட்டு நூல், ஓடும் திசையைப் பார்த்து வெட்டுங்கள்.

ஊசி, ஜீன்ஸ் ஊசியாகவே இருக்கட்டும், 100/16 அளவில். தடித்த இடங்களில் மோட்டாரை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உலோகக் குமிழ்கள் உள்ள பகுதியை முதலிலேயே வெட்டி எறிந்துவிடுங்கள். உடைந்த ஊசி முனை எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி அணிந்துகொண்டு தையுங்கள்.

இனி, அந்தக் குழந்தை. கைக்குழந்தை தூங்கும்போது இந்தப் போர்வையைப் போர்த்தவே கூடாது. முதல் ஓராண்டுக்குத் தொட்டிலில் தளர்ந்த போர்வை, தலையணை எதுவும் வேண்டாம் என்பது குழந்தைநல மருத்துவர்களின் அறிவுரை. எடை சேர்த்துத் தைத்த போர்வையைத் தூங்கும் குழந்தையின் மேலும் அருகிலும் வைக்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2022இல் தெளிவாகவே எழுதியிருக்கிறது. முகத்தில் விழுந்த இரண்டு கிலோ துணியை மூன்று மாதக் குழந்தையால் விலக்க முடியுமா? இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லாமல் தைத்துக் கொடுக்க என்னால் முடியாது. கடைசியில், தாய் மடியில் விரித்துக்கொள்ளும் அளவில் சிறியதாகத் தைத்தோம். வெட்டாமல் மிஞ்சிய ஜீன்ஸ் இரண்டும் பீரோவில் இருக்கின்றன. பிள்ளை வளர்ந்த பிறகு கொண்டு வருவார்.

சாயத்தைப் பற்றி ஒன்று. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நீலம் பிடித்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். ஜீன்ஸின் நீலமான இண்டிகோ, நூலின் மேற்புறத்தில் ஒட்டியிருக்கும் சாயம். உப்பு அதைக் கட்டாது. அதனால் அடித்துணிக்கு வெள்ளை வேண்டாம். முதல் சில சலவைகளைக் குளிர்ந்த நீரில் தனியாகச் செய்யுங்கள்.

நனைந்தால் இந்தப் போர்வை நன்றாகக் கனக்கும். வீட்டு இயந்திரம் திணறும். டோபி கடையின் பெரிய இயந்திரத்தில் போடுங்கள். அடுக்குமாடி வீட்டில் மழை நாளில் துவைக்காதீர்கள். தையல் மூலைகள் உள்ளே ஈரமாகவே இருக்கும், நம் காற்றில் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும். மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள். துளி குளிர்ச்சி தெரிந்தாலும் மடிக்காமல் இன்னொரு வெயில் காட்டுங்கள்.