"தானாகத்தானே போச்சு?": ஓடிப்போன பிள்ளையின் வழக்கு எங்கே நின்றுபோகிறது

வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறும் பதின்வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சில நாளில் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாத பிள்ளைக்கு அதுவே எமனாகிறது. "ரெண்டு நாள் பாருங்க, பசிச்சா தானா வரும்" என்று எல்லோரும் சொல்ல, புகாரிலும் "தானாக வெளியேறினார்" என்று ஒரு வரி ஏறிவிடும். ஏன் போனது என்பதற்கு அந்த வரி பதில் சொல்லலாம். வாசலைத் தாண்டிய பிறகு என்ன ஆனது என்று அதற்குத் தெரியாது.

அமெரிக்காவின் மினசோட்டாவில் வீட்டைவிட்டுப் போன 16 வயதுப் பையன் ஒருவன், 1976 ஆகஸ்ட் 5 அன்று சிகாகோவிலிருந்து அம்மாவுக்கு போன் செய்தான். அதோடு சரி. ஜான் வேய்ன் கேசி என்ற தொடர் கொலைகாரன் 1978 டிசம்பரில் பிடிபட்டு, அவன் வீட்டுக்கு அடியிலிருந்து உடல்கள் எடுக்கப்பட்டபோது அந்த அம்மாவும் சிகாகோ போய் விசாரித்தார். பையனின் பல் மருத்துவப் பதிவுகள் கையில் இல்லாததால் ஒப்பிட வழியில்லை. 2017-ல், உடன்பிறந்த இருவர் கொடுத்த டிஎன்ஏ மாதிரியால்தான் அந்த எலும்புகளுக்குப் பெயர் கிடைத்தது. அதைக் கேட்க அம்மா உயிரோடு இல்லை. எடுத்து வைத்திருக்க வேண்டிய ஒரு பல் எக்ஸ்ரே இல்லாததால் நாற்பது ஆண்டு போயிற்று.

முதலில் காத்திருப்பு. 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் தர முடியும் என்பது வெறும் கதை. அமெரிக்காவில் குழந்தைகள் விஷயத்தில் அப்படிக் காக்கவைப்பதை 1990-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. இந்தியாவில் 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம், 18 வயதுக்குட்பட்டவர் காணாமல்போனால் கடத்தலாக இருக்கலாம் என்று கருதி முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்றது. புகாரில் "கோபித்துக்கொண்டு போனாள்" என்பதோடு நிறுத்தாதீர்கள். கடைசியாகப் பார்த்த நேரம், உடுத்தியிருந்த உடை, தழும்பு, மச்சம், சாப்பிடும் மருந்து, புதிதாகச் சேர்ந்த நட்பு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். உயரத்தை நினைவிலிருந்து சொல்லாதீர்கள். பள்ளி மருத்துவப் பதிவைப் பாருங்கள். வளரும் வயது, அம்மாவின் கணக்கு ஒரு வருடம் பின்தங்கியிருக்கும். உயரம் தப்பாக ஏறினால் பின்னாளில் காணாமல்போனோர் தரவுத்தளத் தேடலில் சரியான பெயரே தள்ளுபடியாகிவிடும்.

அடுத்தது அறை. மனம் ஆறட்டும் என்று யாராவது கூட்டிப் பெருக்கி, போர்வையைத் துவைத்துப்போடுவார்கள். செய்யாதீர்கள். எது போயிருக்கிறது என்பதைவிட எது கிடக்கிறது என்று பாருங்கள். சார்ஜர், கண்ணாடி, இன்ஹேலர் மூன்றும் மேசையிலேயே இருந்தால், போன பிள்ளை நெடுநாளைக்குத் திட்டமிட்டுப் போகவில்லை என்பதற்கான அறிகுறி அது. பல் துலக்கும் பிரஷ், சீப்பு, துவைக்காத தலையணை உறை ஆகியவற்றைக் கையுறை போட்டு எடுத்து, ஈரமிருந்தால் நிழலில் உலர்த்தி, தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது. உள்ளே வேர்த்து, கிருமி வளர்ந்து டிஎன்ஏ சிதைந்துவிடும்.

கேமராவுக்குத் தவணை உண்டு. பல கடைகளின் சிசிடிவி பதிவுப் பெட்டியில் ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். இன்னொரு சிக்கலை யாரும் கவனிப்பதில்லை: அந்தப் பெட்டியின் கடிகாரம் பெரும்பாலும் சரியாக இருக்காது. 20 நிமிடம் பிந்தி ஓடும் பெட்டியில் ஐந்து முதல் ஐந்தேகால் வரை மட்டும் கேட்டு வாங்கினால், பிள்ளை நடந்துபோன காட்சியே அதில் வராது. திரையையும் உங்கள் போனின் நேரத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவையுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கூட்டிக் கேளுங்கள்.

போன் வாங்கிய பெட்டியில் 15 இலக்க ஐஎம்இஐ எண் இருக்கும். சிம் மாறினாலும் அதைக் கொண்டு கருவியைத் தேட முடியும். வீட்டுக் கணினியில் பிள்ளையின் கணக்குகள் திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். கடவுச்சொல்லை ஊகித்து நாலு தடவை தப்பாகப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும்.

வழக்கை உறங்கவைப்பதில் கெட்டிக்காரத்தனமானது "பார்த்தேன்" என்ற சொல்தான். யாரோ எங்கோ பார்த்ததாகச் சொல்வார். "நல்லா இருக்கேன், தேடாதீங்க" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். கோப்பில் "உயிருடன் உள்ளார்" என்று ஏறிவிடும். குறுஞ்செய்தி வந்தால் போன் இயங்குகிறது என்றுதான் பொருள். தட்டச்சியது யார்? வழக்கமான எழுத்துப்பிழைகளும் செல்லச் சுருக்கங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதிகாரி ஒருவர் நேரிலோ வீடியோவிலோ பிள்ளையைப் பார்த்துப் பேசும்வரை தேடலை நிறுத்தக் கூடாதென்று எழுத்தில் கேளுங்கள். 18 வயது முடிந்ததும் "இனி மேஜர்" என்று கோப்பு ஒதுங்கும் வழக்கமும் உண்டு. காணாமல்போன நாளில் என்ன வயதோ, அந்த வயதின் வழக்காகவே அது நடக்க வேண்டும்.

மாதங்கள் கடந்தால் டிஎன்ஏ மாதிரி கொடுத்துவிடுங்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்ப்பதுதான், வலிக்காது. அப்பா, அம்மா இருவருடையதும் இருந்தால் உத்தமம். பழைய எலும்பில் மற்றவை சிதைந்தாலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அது தாய்வழி வருவதால் தாய்மாமன், அம்மாவின் உடன்பிறந்த சகோதரி கொடுத்தாலும் உதவும். மாதிரி கொடுப்பது பிள்ளை செத்துவிட்டதாக ஒப்புக்கொள்வது ஆகாது. பல் எக்ஸ்ரேயையும் இப்போதே வாங்கிவையுங்கள். பழைய படங்களைக் கிளினிக்குகள் சில ஆண்டில் கழித்துவிடும். எல்லை தாண்டியிருக்கலாம் என்று தோன்றினால், காணாமல்போனவரைத் தேட நாடுகளுக்கு அனுப்பப்படும் இன்டர்போலின் மஞ்சள் அறிவிப்புக்குக் காவல்துறை வழியாகக் கேட்கலாம்.

சுவரொட்டியில் சொந்த எண்ணைப் போடாதீர்கள். பணம் பறிக்கும் அழைப்புகள் அன்றைக்கே தொடங்கும். காவல்துறை எண் போதும். பிள்ளையின் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள், விட்டால் வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் எண்ணையும் மாற்றாதீர்கள். பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்தது பெரும்பாலும் அந்த ஒன்றுதான்.